"சரியான எண்ணைத் தரவும்": தவறு உங்களுடையது அல்ல

கம்ப்யூட்டர் வாங்கி ஓரிரு மாதங்கள் ஆன வாசகர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கல்லூரி விண்ணப்பமோ, வங்கிக் கடனுக்கான படிவமோ ஏதோ ஒன்றை இன்டர்நெட்டில் நிரப்பிக் கொண்டிருப்பீர்கள். ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் 1,25,000 என்று டைப் செய்து என்டர் தட்டுவீர்கள். உடனே சிவப்பு எழுத்தில் "சரியான எண்ணைத் தரவும்" என்று ஒரு செய்தி வரும். மீண்டும் பார்ப்பீர்கள். எண் சரியாகத்தான் இருக்கும். திரும்பவும் டைப் செய்தால் திரும்பவும் அதே செய்தி. ரூ.1,25,000 என்று போட்டுப் பார்ப்பீர்கள். 1,25,000/- என்றும் போட்டுப் பார்ப்பீர்கள். எதற்கும் மசியாது. கடைசியில் "நமக்குக் கம்ப்யூட்டர் சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவீர்கள். அவன் வந்து கமாவை நீக்கி 125000 என்று அடிப்பான். படிவம் போய்விடும்.

இதில் யார் மீது தவறு? பெரும்பாலானவர்கள் தங்கள் மீதே தவறு என்று நினைக்கிறார்கள். புரோகிராம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவறு அந்தப் படிவத்தை எழுதிய புரோகிராமருடையது. ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் என்பதை நம் நாட்டில் 1,25,000 என்றுதான் எழுதுகிறோம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அதைப் படிக்கத் தெரியாத புரோகிராம், படிக்கத் தெரிந்தவரைப் பார்த்து "சரியான எண்ணைத் தரவும்" என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் இப்படிச் சண்டை போடும் புரோகிராம்கூடப் பரவாயில்லை. சத்தமே போடாமல் உங்கள் எண்ணை வேறு எண்ணாக மாற்றி எடுத்துக் கொள்ளும் புரோகிராம்கள்தான் ஆபத்தானவை.

கம்ப்யூட்டருக்கு எழுத்து வேறு, எண் வேறு

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து விடுவோம். கீ போர்டில் 25 என்று அடிக்கிறீர்கள். கம்ப்யூட்டருக்கு இருபத்தைந்து என்ற எண் போய்ச் சேருவதில்லை. '2' என்ற எழுத்தும் '5' என்ற எழுத்தும்தான் போகின்றன. 'அ', 'ஆ' எப்படி எழுத்துகளோ அப்படியே இவையும் எழுத்துகள். ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு குறியீட்டு எண் உண்டு. '2' என்ற எழுத்தின் குறியீடு 50. '5' என்ற எழுத்தின் குறியீடு 53. இவற்றை அப்படியே கூட்டினால் 103 வருமே தவிர, 7 வராது.

எனவே புரோகிராம் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு குறியீட்டிலிருந்தும் 48ஐக் கழித்தால் 2, 5 என்ற மதிப்புகள் கிடைக்கும். முதல் மதிப்பைப் பத்தால் பெருக்கி அடுத்ததைக் கூட்டினால் 25. நாம் ஒன்றாம் வகுப்பில் பத்துகள், ஒன்றுகள் என்று படித்த அதே கணக்குதான். தசமப் புள்ளி வந்தால் அதற்குப் பின் வரும் இலக்கங்களைப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று சேர்க்க வேண்டும். முன்னால் கழித்தல் குறி இருந்தால் எண்ணைக் குறை எண்ணாக்க வேண்டும்.

முழு எண்களும், 12.5 போலத் தசமப் புள்ளி கொண்ட எண்களும், குறை எண்களும் எல்லாம் சேர்ந்ததைப் பள்ளிக் கணக்குப் புத்தகம் மெய்யெண்கள் என்கிறது. ஒரு கட்டத்தில் வந்த எழுத்துகள் உண்மையில் ஒரு மெய்யெண்ணைக் குறிக்கின்றனவா என்று சோதிப்பது, புரோகிராம் கற்கும் எவருக்கும் முதல் மாதத்திலேயே வரும் பாடம். எளிதாகத் தோன்றும். கீழே உள்ளவற்றில் எவை எண்கள் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்:

25, +25, .5, 5., 1,250, 12.5.3, --7, ரூ.500/-, 50%, ஒன்றுமே இல்லாத வெற்றுக் கட்டம்.

முதல் மூன்றை எல்லோரும் ஒப்புக் கொள்வார்கள். "5." என்பதில் புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லை. டைப் செய்து கொண்டிருக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் சோதிக்கும் புரோகிராம் அதை மறுத்தால், உங்களால் 5.25 என்று அடிக்கவே முடியாது. வெற்றுக் கட்டம் பூஜ்யமா? வருமானம் பூஜ்யம் என்று சொல்வதும், வருமானத்தைச் சொல்லாமல் விடுவதும் ஒன்றல்லவே. இப்படி ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டும். யோசிக்காமல் விட்டால் புரோகிராம் மொழி தன் இஷ்டப்படி முடிவெடுக்கும்.

மௌனமாக மாற்றும் பங்ஷன்கள்

விசுவல் பேசிக் மொழியில் 'வேல்' என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. எக்ஸெலில் மேக்ரோ எழுதுபவர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்துகளைக் கொடுத்தால் எண்ணாக மாற்றித் தரும். இதனிடம் 1,250 என்று கொடுத்தால் என்ன தரும் தெரியுமா? வெறும் 1. கமா வந்ததும் "இது எண் இல்லை" என்று அங்கேயே நின்றுவிடும். அதுவரை படித்ததை விடையாகத் தந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. 1,25,000 கொடுத்தாலும் அதே 1தான்.

சி மொழியில் இந்த வேலைக்கென்று உள்ள பழைய பங்ஷனும் இப்படித்தான். எண்ணே இல்லாத எழுத்துகளைக் கொடுத்தால் பூஜ்யம் தரும். உண்மையிலேயே பூஜ்யம் கொடுத்தாலும் பூஜ்யம்தான் தரும். இரண்டுக்கும் வேறுபாடு காண வழியில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு பங்ஷன், 12 என்ற எண்ணுக்குப் பின் என்ன குப்பை ஒட்டிக் கொண்டிருந்தாலும் 12 என்றே எடுத்துக் கொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் கொள்முதல் கணக்குக்கு யாரோ எழுதிக் கொடுத்த ஒரு சிறிய சாப்ட்வேர் வைத்திருந்தார்கள். பழைய ஊழியர் இருந்தவரை கணக்கு சரியாக வந்தது. புதிதாக ஒரு பையன் சேர்ந்த மாதத்திலிருந்து இடித்தது. பழையவர் 1250 என்று அடிப்பார். பையன் பில்லில் உள்ளபடி 1,250 என்று அடித்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பில்லும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று பதிவானது. திரையில் அவன் அடித்தது அப்படியே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாதக் கடைசி மொத்தத்தில்தான் தெரிந்தது. "கவனமில்லாமல் அடிக்கிறாய்" என்று பையனுக்குத்தான் திட்டு விழுந்தது. உள்ளே திறந்து பார்த்தபோது நான் மேலே சொன்ன 'வேல்' உட்கார்ந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் உண்டு. அதே விசுவல் பேசிக்கில் 'இஸ்நியூமெரிக்' என்ற பங்ஷன், கொடுத்தது எண்ணா இல்லையா என்று சொல்லும். அடைப்புக் குறிக்குள் (100) என்று கொடுத்தால் "எண்தான்" என்று சொல்லும். கணக்காளர்கள் நஷ்டத்தை அடைப்புக் குறிக்குள் எழுதுவார்கள் என்பதால் அதைக் குறை நூறு என்று எடுத்துக் கொள்ளும். 1, அடுத்து 'இ' என்ற ஆங்கில எழுத்து, அடுத்து 5 என்று கொடுத்தாலும் எண்தான் என்று சொல்லும். விஞ்ஞானிகள் ஒரு லட்சத்தை அப்படிச் சுருக்கி எழுதுவது வழக்கம். உங்கள் வயதைக் கேட்கும் கட்டத்தில் இவையெல்லாம் நுழையலாமா?

நீங்களே செய்து பாருங்கள்

புரோகிராம் தெரியாதவர்களும் இதை எக்ஸெலில் சோதித்துப் பார்க்கலாம். ஏ1 செல்லில் 100 என்று டைப் செய்யுங்கள். ஏ2 செல்லில் முதலில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, அதை அடுத்து 200 என்று டைப் செய்யுங்கள். மேற்கோள் குறி திரையில் தெரியாது. 200 மட்டுமே தெரியும். இப்போது ஏ3 செல்லில் இந்த இரண்டையும் 'சம்' பங்ஷன் மூலம் கூட்டுங்கள். விடை 100 என்று வரும். ஏ4 செல்லில் சம் பயன்படுத்தாமல், ஏ1 கூட்டல் ஏ2 என்று பார்முலா கொடுங்கள். விடை 300 என்று வரும்!

இரண்டும் ஒரே புரோகிராம்தான். 'சம்' பங்ஷன் ஏ2வில் இருப்பது எழுத்து என்று சொல்லி அதை விட்டுவிடுகிறது. கூட்டல் குறியோ அதையே எண்ணாக மாற்றிக் கூட்டிவிடுகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் எதையும் மாற்றாதவரை எக்ஸெல் எண்களைச் செல்லின் வலப்பக்கமும், எழுத்துகளை இடப்பக்கமும் ஒட்டி வைக்கும். வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டிய பட்டியலில் சில எண்கள் இடப்பக்கம் ஒட்டி நின்றால், அவற்றை நம்பி மொத்தம் போடாதீர்கள்.

உலகம் கொடுத்த விலை

இது வீட்டுக் கணக்கோடு முடிகிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். மனித ஜீன்களில் ஒன்றுக்கு செப்ட்2 என்று பெயர் இருந்தது. இன்னொன்றுக்கு மார்ச்1. இவற்றை எக்ஸெலில் டைப் செய்தால் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக மாறிவிடும். ஆய்வுக்கூடக் குறியீடுகள் சிலவற்றில் எண்களுக்கு நடுவே 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது பெரிய எண் ஒன்றாக மாறிவிடும். 2004ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதைச் சுட்டிக் காட்டினார்கள். 2016ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முக்கியமான இதழ்களில் வந்த கட்டுரைகளைச் சோதித்தார்கள். ஜீன் பட்டியலை எக்ஸெல் பைலாக இணைத்திருந்தவற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இந்தத் தவறு இருந்தது. கடைசியில் 2020ல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, ஜீன்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. செப்ட்2, செப்டின்2 ஆனது. மார்ச்1, மார்ச்எஃப்1 ஆனது. தானாக நடக்கும் இந்த மாற்றங்களை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 2023ல்தான் எக்ஸெலில் கொண்டு வந்தது. சாப்ட்வேர் மாறுவதற்கு முன்பே விஞ்ஞானம் தன் பெயர்களை மாற்றிக் கொள்ள வேண்டி வந்தது என்பதுதான் வேடிக்கை.

2011 ஜனவரியில் பிஎச்பி மொழியில் ஒரு பிழை தெரிய வந்தது. 2.2250738585072011 என்பதைப் பத்தால் 308 முறை வகுத்தால் வரும் மிகச் சிறிய எண்ணை எழுத்துகளாகக் கொடுத்தால், சில கம்ப்யூட்டர்களில் அதை எண்ணாக மாற்ற முயன்று புரோகிராம் முடிவே இல்லாமல் சுற்றிக் கொண்டிருந்தது. ஒரு வெப்சைட்டின் கட்டத்தில் இந்த ஓர் எண்ணை டைப் செய்தே சர்வரைத் திணறடிக்கலாம் என்ற நிலை. அடுத்த மாதமே ஜாவா மொழியிலும் ஏறக்குறைய இதே எண்ணில் இதே போன்ற பிழை இருப்பது தெரிந்தது. இரண்டும் உடனே சரிசெய்யப்பட்டன. எழுத்தை எண்ணாக்குவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு இது சாட்சி.

எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சிகள் உண்டு. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பலில், ஊழியர் ஒருவர் டேட்டாபேஸ் கட்டம் ஒன்றில் பூஜ்யத்தைப் பதிந்தார். பூஜ்யம் சரியான எண்தான். ஆனால் புரோகிராம் அந்தப் பூஜ்யத்தால் எதையோ வகுக்கப் போய் நிலைகுலைந்தது. கப்பலை ஓட்டும் சாதனங்களும் நின்றன. ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல் நடுக்கடலில் அசையாமல் கிடந்தது.

2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில், மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனம் ஜே-காம் நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டும். பதிவானதோ 6,10,000 பங்குகள், ஒன்று ஒரு யென்! இரண்டுமே சரியான எண்கள். ஆனால் ஜே-காம் வெளியிட்டிருந்த பங்குகளே மொத்தம் பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. இல்லாத பங்கை எப்படி விற்க முடியும் என்று எந்தக் கட்டமும் தடுத்து நிறுத்தவில்லை. திரையில் வந்த எச்சரிக்கையையும் தாண்டி ஆர்டர் போய்விட்டது. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். எச்சரிக்கைச் செய்தி காட்டினால் கடமை முடிந்தது என்று நினைக்கும் புரோகிராமர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. ஒரு நாளைக்கு நூறு எச்சரிக்கை காட்டினால், நூற்றியோராவதை யாரும் படிக்க மாட்டார்கள்.

நம் ஊர் எண்ணும் வெளியூர் எண்ணும்

"சரி, கமாவை எல்லாம் நீக்கிவிட்டு எண்ணாக எடுத்துக் கொண்டால் போச்சு" என்று தோன்றும். அங்கேயும் ஒரு சிக்கல். ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். நாம் 12,50 என்று பார்த்தால் ஏதோ தவறு என்போம். ஜெர்மன்காரருக்கு அது பன்னிரண்டரை. நாம் 1.250 என்று பார்த்தால் ஒன்றேகால் என்போம். அவருக்கு அது ஆயிரத்து இருநூற்றைம்பது. விண்டோஸில் நாடு, மொழி பற்றிய செட்டிங்ஸில் எந்த வழக்கம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இதற்காகவே இருக்கிறது. கணக்குகள் திடீரென்று விபரீதமாக வந்தால் அந்த இடத்தையும் ஒரு முறை பாருங்கள்.

தமிழ் எண்களையும் சொல்லியாக வேண்டும். ௧, ௨, ௩ என்ற நம் இலக்கங்களுக்கு யூனிகோடில் இடம் உண்டு. பைத்தான் மொழியில் ௧௨௩ என்று கொடுத்தால் நூற்று இருபத்து மூன்று என்று சரியாகப் படித்துவிடும். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ என்ற நம் பழைய குறியைக் கொடுத்தால் ஏற்காது. ஜாவாஸ்கிரிப்ட் ௧௨௩ஐயே எண் இல்லை என்றுவிடும். மைக்ரோசாப்ட்டின் டாட் நெட்டில் இன்னும் வேடிக்கை. "இவை எல்லாம் இலக்கங்களா" என்று சோதிக்கும் பகுதி ஆமாம் என்று சொல்லும். அதை நம்பி எண்ணாக மாற்றச் சொன்னால், மாற்றும் பகுதி முடியாது என்று பிழை காட்டும். வீட்டுக்குள் இருவர் ஒருவரை ஒருவர் கேட்காமல் வேலை செய்வது போலத்தான்.

எண் போலத் தெரிந்தும் எண் அல்லாதவை

சென்னையின் எஸ்டிடி கோடு 044. எக்ஸெலில் டைப் செய்தால் 44 ஆகிவிடும். சில வங்கிகளின் கணக்கு எண்கள் பூஜ்யங்களில் தொடங்கும். அவையும் உதிர்ந்துவிடும். 12 இலக்க ஆதார் எண்ணை டைப் செய்தால், நடுவில் 'இ' என்ற ஆங்கில எழுத்து வைத்துச் சுருக்கிக் காட்டும். 16 இலக்கக் கார்டு எண்ணைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். பைலை மூடித் திறந்தால் பழைய இலக்கம் எங்கேயும் இருக்காது.

இதற்கு ஓர் எளிய சோதனை. இரண்டு போன் நம்பர்களைக் கூட்டுவீர்களா? யாருடைய ஆதார் எண்ணையாவது இரண்டால் வகுப்பீர்களா? மாட்டீர்கள். கூட்டவோ கழிக்கவோ அவசியம் இல்லாதது இலக்கங்களால் ஆன பெயரே தவிர எண் அல்ல. அத்தகைய பட்டியலைத் தொடங்கும் முன் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் பகுதிக்குச் சென்று டெக்ஸ்ட் என்று அமைத்துவிடுங்கள். டைப் செய்த பிறகு அமைத்தால் போன இலக்கம் திரும்பாது.

மறுதரப்பு என்ன சொல்கிறது?

என் சக புரோகிராமர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். "மக்கள் எதை வேண்டுமானாலும் டைப் செய்வார்கள். அத்தனையையும் புரிந்து கொள்ள எழுதினால் புரோகிராம் பெரிதாகும், பிழையும் கூடும். இலக்கங்களை மட்டும் தரவும் என்று பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். கண்டிப்பாக இருப்பதே பாதுகாப்பு" என்பார்கள். இதில் பாதி உண்மை. யூகம் செய்து எடுத்துக் கொள்ளும் புரோகிராமை நானும் நம்ப மாட்டேன். 12.5.3 என்று வந்தால் அது 12.5 என்று முடிவு கட்டுவதை விட மறுப்பதே நல்லது.

இன்னும் சிலர், "இன்றைய பிரவுசர்களில் எண்ணுக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா" என்பார்கள். போதாது. எண் அல்லாத எதையாவது அடித்தால் அந்தக் கட்டம் புரோகிராமுக்குக் கொடுப்பது வெற்று மதிப்பு. தவறாக அடித்தாரா, அடிக்கவே இல்லையா என்று அந்த மதிப்பை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத் தனியாக வேறொன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பல புரோகிராமர்கள் கேட்பதில்லை. சில பிரவுசர்களில் மவுஸின் சக்கரத்தை உருட்டினால் நீங்கள் அடித்த எண்ணே மாறிவிடுவதும் உண்டு. பிரிட்டன் அரசு வெப்சைட்டுகளின் வடிவமைப்புக் குழு இத்தகைய காரணங்களால் 2020ல் அந்தக் கட்டத்தைக் கைவிட்டு, சாதாரண எழுத்துக் கட்டத்துக்கே மாறியது.

கண்டிப்புக்கும் யூகத்துக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அடித்ததற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும் என்றால் ஏற்றுக் கொள்ள வேண்டும். இரண்டு பொருள் இருக்கலாம் என்றால் கேட்க வேண்டும். பொருளே இல்லை என்றால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். இந்தியப் படிவம் ஒன்றில் 1,25,000 என்பதற்கு ஒரே பொருள்தான். ரூ.500/- என்பதற்கும் ஒரே பொருள்தான். முன்னும் பின்னும் தவறி விழுந்த இடைவெளிக்குப் பொருளே கிடையாது, அதை நீக்கிவிடலாம். இவற்றை ஏற்க நாலைந்து வரிகள் கூடுதலாக எழுதினால் போதும். அந்த நாலைந்து வரிகளை ஒருவர் ஒரு முறை எழுதாததால், லட்சம் பேர் லட்சம் முறை தடுமாற வேண்டுமா?

புரோகிராம் கற்பவர்களுக்கு

இந்த இதழைப் படித்து புரோகிராம் எழுதப் பழகும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள்:

1. எழுத்துகளை எண்ணாக மாற்றும்போது, கடைசி எழுத்து வரை படித்தாயிற்றா என்று பாருங்கள். பாதியில் நின்றிருந்தால் அது எண் அல்ல.

2. வெற்றுக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் தனித்தனியாகக் கையாளுங்கள்.

3. பைத்தான், ஜாவா போன்ற மொழிகள் "எண் அல்ல" என்ற பொருள் தரும் 'நேன்' என்ற சொல்லையே எண்ணாக ஏற்றுக் கொள்ளும். எடுக்கும் தொகை இருப்பை விட அதிகமா என்று இதை வைத்துக் கேட்டால் "இல்லை" என்றே விடை வரும். பணம் போய்விடும். முடிவிலியைக் குறிக்கும் சொல்லும் அப்படியே உள்ளே வரும். இரண்டையும் வாசலிலேயே தடுத்துவிடுங்கள்.

4. எண் என்று உறுதியானதும் எல்லையைப் பாருங்கள். வயது 250 ஆக இருக்காது. வெண்டைக்காய் குறை இரண்டு கிலோ விற்காது.

5. பிழைச் செய்தியில் என்ன தவறு, எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். "12.5.3 என்பதில் இரண்டு புள்ளிகள் உள்ளன" என்றால் யாருக்கும் புரியும். அவர் அடித்ததை அழித்துவிடாதீர்கள்.

6. பணம் என்றால், புரிந்து கொண்ட தொகையை எழுத்தில் திருப்பிக் காட்டுங்கள்.

இந்தக் கடைசிக் குறிப்பு புதிதல்ல. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. எண்ணைத் தவறாக எழுதவும் படிக்கவும் முடியும் என்பது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் என்று கட்டத்துக்குக் கீழே ஒரு வரி வந்தால், ஒரு பூஜ்யம் கூடிப் போனதைச் சாதாரணமாகப் படிக்கத் தெரிந்த எவரும் கண்டுபிடித்துவிடுவார்.

வாசகர்களுக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நான் கேட்டுக் கொள்வது இரண்டே விஷயங்கள்தான். பணம் சம்பந்தப்பட்ட எந்தப் படிவத்திலும் கடைசி பட்டனைக் கிளிக் செய்யும் முன், புரோகிராம் திருப்பிக் காட்டும் தொகையை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் அடித்ததை அல்ல, அது எடுத்துக் கொண்டதைப் படியுங்கள். திருப்பிக் காட்டவே இல்லையென்றால் கமா, புள்ளி, ரூபாய்க் குறி எதுவும் இல்லாமல் இலக்கங்களை மட்டும் அடிப்பது இப்போதைக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, "சரியான எண்ணைத் தரவும்" என்று வந்தால் தலை குனியாதீர்கள். அந்தச் செய்தியோடு, நீங்கள் என்ன அடித்தீர்கள் என்பதையும் குறித்து அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். "1,25,000 என்று அடித்தேன், ஏற்கவில்லை" என்ற ஒரு வரி போதும். எங்களைப் போன்றவர்களின் மேஜைக்கு அந்த ஒரு வரி வந்து சேர்ந்தால், சரிசெய்ய அரை நாள்கூட ஆகாது. வராதவரை, அந்தப் படிவம் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நாங்கள் நினைத்துக் கொண்டிருப்போம்.